சுவரில் ஒட்டிய தாள் சட்டமாகுமா? போக்குவரத்து விதியை மாற்றக் கேட்பது எப்படி

ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் 19 வருடமாக மனு எழுதிக் கொடுக்கிறேன். பட்டா, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு எல்லாம் எழுதுவேன். ஆனாலும் மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை கடலோரத்திலிருந்து வருகிறவர்களின் குறை பெரும்பாலும் வண்டியில்தான் வந்து நிற்கும். மீன் கூடையோடு பஸ்ஸில் ஏற விடவில்லை, ஷேர் ஆட்டோவை மடக்கி அபராதம் போட்டுவிட்டார்கள், மினி பஸ் விட்டார்கள், மூன்று மாதத்தில் நின்றுவிட்டது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "இந்தச் சட்டத்த மாத்தச் சொல்லி எழுது தாயி" என்பார்கள்.

எந்தச் சட்டத்தை? அதை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? இந்த இரண்டும் தெரியாமல் எழுதுகிற மனு மேசை மேசையாகப் போய், "உரிய நடவடிக்கைக்கு" என்ற முத்திரையோடு முடங்கிவிடும். ஆரம்பத்தில் நான் எழுதிய மனுக்கள் பல அப்படித்தான் ஆயின. நான் வக்கீலுக்குப் படித்தவள் இல்லை. மோட்டார் வாகனச் சட்டப் புத்தகத்தை வாங்கி வைத்துப் படித்து, தெரிந்தவர்களிடம் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றதை எழுதுகிறேன்.

என்னைப் படிக்க வைத்தது என் மதினிக்கு நடந்த விபத்து.

ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவே கடலோரக் குடியிருப்பு எங்களுடையது. மெயின் ரோட்டுக்கு ஐந்து கிலோமீட்டர். விடியற்காலை நான்கரைக்கு வள்ளம் கரை சேரும். மீனை ஏலத்தில் எடுத்துக்கொண்டு கீழக்கரை சந்தைக்கு ஆறு மணிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் விலை. அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. குட்டியானை என்று நாங்கள் சொல்கிற சின்னச் சரக்கு வண்டியில் பெட்டிகளை ஏற்றி, பெட்டிகளின் மேல் பெண்கள் உட்கார்ந்து போவார்கள். ஏழு வருடத்துக்கு முன் ஒரு மார்கழிப் பனியில் அந்த வண்டி உப்பளத்து வளைவில் ஓடையில் சாய்ந்தது. மதினிக்கு இடுப்பெலும்பு போயிற்று. பின்னால் இருந்த ஒன்பது பேரில் ஆறு பேருக்குப் பலத்த அடி.

நஷ்டஈடு வழக்கில் எங்களுக்குக் கிடைத்த தீர்ப்பை இன்னும் மறக்க முடியவில்லை. டிரைவர் பக்கத்தில் கேபினில் இருந்த ஒரு அக்காவுக்கு இன்சூரன்ஸ் பணம் வந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு வரவில்லை. வண்டி உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். அவர் மாதத் தவணை கட்டவே திணறுகிற பையன். மதினிக்கு இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை.

சட்டத்தைப் படித்த பிறகுதான் காரணம் புரிந்தது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்கிற பயணிகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. சரக்கின் உரிமையாளர் கூடப் போனால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு என்று 1994 திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 147-ஆம் பிரிவில் சேர்த்தது. மீன் மதினியுடையது, அவள் சரக்கின் உரிமையாளர்தான். ஆனால் அந்த உரிமையாளர் கேபினில் போக வேண்டும், பின்னால் சரக்கோடு சரக்காக உட்கார்ந்தால் செல்லாது என்று சோல்லேட்டி பாரதம்மா வழக்கில் 2007-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. கேபினில் இருப்பதோ ஒரே ஒரு இருக்கை.

ஆகவே இதைப் படிக்கும் மீன்கார அக்காமாருக்கு முதலில் ஒன்று சொல்கிறேன். சட்டம் மாறும்போது மாறட்டும், அதுவரை பெட்டி மட்டும் வண்டியில் போகட்டும், நீங்கள் பின்னால் ஏறாதீர்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு ஆட்டோவை மொத்தமாக வாடகைக்குப் பேசினால் கூடச் செலவாகும், தெரியும். ஆனால் அது பெர்மிட் உள்ள வண்டி, அதில் உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. ஆட்டோவில் அனுமதித்த ஆள் கணக்கைத் தாண்டாதீர்கள், அவ்வளவுதான்.

இனி மாற்றக் கேட்கிற வேலைக்கு வருவோம்.

முதலில் தாளைப் பாருங்கள்

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் பக்கத்து டீக்கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. காலை 4 மணி முதல் 9 மணி வரை அந்தக் கிளைச் சாலையில் சரக்கு வண்டிகள் போகக் கூடாது என்று டைப் அடித்து, கீழே ஒரு கையெழுத்து. எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. நான்கிலிருந்து ஒன்பது என்றால் எங்கள் ஊர் வியாபாரமே அந்த ஐந்து மணி நேரம்தான். ஊரே கொதித்தது. மறியல் செய்யலாம் என்று இளவட்டங்கள் கிளம்பினார்கள். ஒரு வாரம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு அந்தத் தாளை போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு தாள் உங்கள் ஊரில் ஒட்டப்பட்டால் நான்கு விஷயம் தேடுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறதா? கையெழுத்துப் போட்டவருக்கு அந்தப் பிரிவு அதிகாரம் கொடுக்கிறதா? அரசிதழில் வந்ததா, வந்தால் எண்ணும் தேதியும் என்ன? எத்தனை நாளைக்கு?

மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு சாலையில் வண்டிகளைத் தடுப்பதற்கான பிரிவு 115. மாநில அரசோ, அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரியோ, பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ, சாலை அல்லது பாலத்தின் தன்மையைக் கருதியோ தடை போடலாம். ஆனால் அரசிதழில் அறிவிக்க வேண்டும், அந்த இடத்தில் 116-ஆம் பிரிவுப்படி பலகை நட வேண்டும். தடை ஒரு மாதத்துக்கு மேல் போகாது என்றால் மட்டும் அரசிதழ் தேவையில்லை, உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். திருவிழா, பாலம் பழுது, புயல் எச்சரிக்கை போன்ற நாட்களுக்காக அந்த விலக்கு. பாம்பன் பாலத்தில் காற்று அடிக்கும்போது வண்டியை நிறுத்தினால் நீங்கள் அரசிதழ் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. உயிர் முக்கியம்.

எங்கள் டீக்கடைத் தாளில் பிரிவும் இல்லை, காலக்கெடுவும் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பத்து ரூபாய்க் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, கேள்விகளைச் சின்னதாக்கி: இந்தத் தடை எந்தப் பிரிவின் கீழ், அரசிதழ் அறிவிப்பின் நகல் தருக, எத்தனை நாள் அமலில் இருக்கும், பலகை எங்கே நடப்பட்டது. "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்காதீர்கள். தகவல் மனு இருக்கிற ஆவணத்தைக் கேட்பதற்கானது, விளக்கம் கேட்டால் தட்டிக் கழித்துவிடுவார்கள். பதில் 30 நாளுக்குள் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். எங்களுக்கு 26-ஆம் நாள் பதில் வந்தது: அப்படி ஒரு அறிவிப்பு கோப்பில் இல்லை. அந்த வாரமே தாள் சுவரிலிருந்து போய்விட்டது. மறியலுக்குக் கிளம்பிய பையன்கள் மேல் ஒரு வழக்கும் இல்லை என்பதில் எனக்கு இன்றும் நிம்மதி.

தாள் செல்லாது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தாலும் சோதனைச் சாவடியில் நின்று வாதாடாதீர்கள். அபராதம் போட்டால் ரசீது வாங்குங்கள். அந்த ரசீதுதான் நாளைக்கு உங்கள் ஆதாரம்.

யாரிடம் கேட்பது

இதில்தான் ஆயிரம் மனு வீணாகிறது. எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்கிறோம். ஆட்சியர் செய்யக்கூடியதை முதல்வர் தனிப்பிரிவுக்கு எழுதுகிறோம்.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மோட்டார் வண்டிகள் பொதுப்பட்டியலில், 35-ஆவது இனமாக இருக்கின்றன. அதாவது நாடாளுமன்றமும் சட்டம் போடலாம், சட்டமன்றமும் போடலாம். வண்டி வரி மட்டும் மாநிலப் பட்டியலில் 57-ஆவது இனம், அதனால்தான் தமிழ்நாட்டுக்குத் தனியாக 1974-ஆம் வருடத்து மோட்டார் வாகன வரிச் சட்டம் இருக்கிறது. இரண்டு சட்டமும் ஒரே விஷயத்தில் மோதினால் நாடாளுமன்றச் சட்டம் நிற்கும், மாநிலச் சட்டம் மோதுகிற அளவுக்குச் செல்லாது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கிய மாநிலச் சட்டம் அந்த மாநிலத்தில் நிற்கும். இது அரசியலமைப்பின் 254-ஆவது பிரிவு.

மோதல் என்று சும்மா சொல்லிவிட முடியாது. கர்நாடகத்தில் தனியார் ஒப்பந்தப் பேருந்துகளை அரசே எடுத்துக்கொண்ட 1976-ஆம் வருடச் சட்டம், 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் வந்த பிறகு செல்லுமா என்று விஜயகுமார் சர்மா வழக்கில் கேட்டார்கள். உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் 1990-இல் செல்லும் என்றார்கள். ஒன்று சொத்தைக் கையகப்படுத்துகிற சட்டம், மற்றது போக்குவரத்தை ஒழுங்கு செய்கிற சட்டம், இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை இல்லை என்பது காரணம்.

அபராதத் தொகையில் இந்தச் சிக்கலை எல்லோரும் பார்த்தோம். 2019 திருத்தம் அபராதங்களை ஏற்றியது, பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் பத்தாயிரம் ரூபாய். அந்த இடத்திலேயே கட்டித் தீர்க்கிற தொகையை 200-ஆம் பிரிவின் கீழ் மாநிலம் நிர்ணயிக்கலாம். குஜராத் அந்த வருடமே பல தொகைகளைக் குறைத்து அறிவித்தது. சட்டம் சொன்ன குறைந்தபட்சத்துக்குக் கீழே மாநிலம் போக முடியாது என்று ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஜனவரியில் மாநிலங்களுக்கு எழுதியது. தமிழ்நாடு 2022 அக்டோபரில் புதிய தொகைகளைக் கொண்டுவந்தது. ஆகவே "அபராதத்தைக் குறையுங்கள்" என்று ஆட்சியருக்கு எழுதிப் பயனில்லை. அதற்கு உங்கள் எம்.பி.யைப் பாருங்கள்.

ஷேர் ஆட்டோ பற்றி என்னிடம் வருகிறவர்களுக்கு நான் காட்டுவது 2-ஆவது பிரிவின் 40-ஆம் உட்பிரிவு. ஆளுக்குத் தனித்தனிக் கட்டணம் வாங்கி ஏற்றி இறக்குகிற வண்டி, டிரைவரைத் தவிர ஆறு பேருக்கு மேல் ஏறும்படி கட்டப்பட்டிருந்தால்தான் அது பஸ் வகைப் பெர்மிட்டுக்கு உரியது. மூன்று பேர் ஏறும் ஆட்டோவுக்குக் கிடைப்பது மொத்த வாடகைப் பெர்மிட். ஆளுக்கு இருபது ரூபாய் வாங்கி ஓட்டுகிற எங்கள் கீழக்கரை காக்கா (அண்ணனை அப்படித்தான் சொல்வோம்), பெர்மிட் வாங்க மறுப்பவர் இல்லை. அவர் செய்கிற தொழிலுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு பெட்டியே இல்லை. ஊருக்கு அவர் இல்லாவிட்டால் பிரசவ வலி வந்தவளைக் கொண்டுபோக ஆள் கிடையாது. சட்டம் மாற வேண்டிய இடம் என்று நான் மனசார நம்புவது இதைத்தான்.

இதற்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. 2019 திருத்தம் 67-ஆம் பிரிவில் மூன்றாவது உட்பிரிவைச் சேர்த்திருக்கிறது. சட்டத்தில் வேறு எது இருந்தாலும், மாநில அரசு அரசிதழ் அறிவிப்பின் மூலம் பயணிகள், சரக்குப் போக்குவரத்துக்குத் திட்டம் போடலாம், உரிமம் கொடுக்கலாம். எதற்காக என்ற பட்டியலில் ஊரகப் போக்குவரத்தும், வீட்டுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே உள்ள கடைசித் தூரத்தை இணைப்பதும் இருக்கின்றன. ஆகவே மனுவில் "ஷேர் ஆட்டோவை விட்டுவிடுங்கள்" என்று எழுதாதீர்கள். "67(3)-இன் கீழ் கடலோரக் கிராமங்களுக்கு ஒரு திட்டம் அறிவியுங்கள்" என்று எழுதுங்கள். முகவரி: அரசுச் செயலாளர், உள் (போக்குவரத்து) துறை, தலைமைச் செயலகம், சென்னை. நகல் போக்குவரத்து ஆணையருக்கும் ஆட்சியருக்கும்.

ஆட்சியருக்கு ஏன் என்றால், எங்கள் மாவட்டத்தில் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் என்பது அவர்தான். ஆர்.டி.ஓ. அதன் செயலர். பெர்மிட், தடம், தற்காலிக அனுமதி இவற்றுக்கு அவரிடம் போங்கள்.

30 நாள்

மாநில அரசு இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு விதி போட வேண்டுமானால் முதலில் வரைவை வெளியிட வேண்டும், ஆட்சேபணை கேட்க வேண்டும், அதன் பிறகுதான் இறுதி விதி. 212-ஆம் பிரிவு சொல்கிறது. இறுதி விதியைச் சட்டமன்றத்திலும் வைக்க வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கும் திட்டங்கள் 99, 100-ஆம் பிரிவுகளில் வருகின்றன. அரசிதழில் வரைவு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை கொடுக்கலாம். வரைவு வந்து ஒரு வருடத்துக்குள் இறுதித் திட்டமாக வெளியாகாவிட்டால் அந்த வரைவே காலாவதி.

யார் வேண்டுமானாலும் என்ற சொல்லை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். பஸ் முதலாளியாக இருக்க வேண்டியதில்லை. மீன் விற்கிறவளும் கொடுக்கலாம்.

புதிய மினி பஸ் திட்டத்தின் வரைவு 2024 ஜூனில் வந்தது. தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை, அதில் பெரும்பகுதி ஏற்கெனவே பஸ் போகாத சாலையாக இருக்க வேண்டும். எங்கள் ஊருக்கென்றே எழுதியதைப் போல இருந்தது. அடுத்த மாதம் சென்னையில் கருத்துக் கேட்டார்கள். பஸ் உரிமையாளர்கள் போனார்கள், தொழிற்சங்கங்கள் போயின. எங்கள் கரையிலிருந்து எனக்குத் தெரிந்து ஒருவரும் ஒரு தாள் அனுப்பவில்லை. செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது 30 நாள் முடிந்திருந்தது. 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் திட்டம் தொடங்கியதை டீக்கடை டிவியில் பார்த்தேன். விடியற்காலை நடை வேண்டும், கூடை வைக்க இடம் வேண்டும் என்று இரண்டு வரி அனுப்பியிருந்தால் குறைந்தது அந்தக் கோப்பில் எங்கள் ஊரின் பெயர் இருந்திருக்கும். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

இப்போது வாரம் ஒரு முறை அரசிதழைப் பார்க்கிறேன். எழுதுபொருள் அச்சுத் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விதிகள் மூன்றாம் பாகத்தின் முதல் பிரிவில் இருக்கும், சிறப்பிதழ்களையும் விடாமல் பாருங்கள். ஊருக்கு ஒரு பிள்ளை போதும், கல்லூரிக்குப் போகிற பிள்ளையாகப் பார்த்துப் பழக்கிவிடுங்கள்.

ஆட்சேபணை நீளமாக இருக்க வேண்டாம். முதல் வரியில் அரசிதழ் எண், தேதி. அடுத்து நீங்கள் யார், எந்த ஊர், அந்தச் சாலையை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள். அதன்பின் வரைவின் எத்தனையாவது பத்தி உங்களைப் பாதிக்கிறது, எப்படி. கடைசியாக, அந்தப் பத்திக்குப் பதில் என்ன சொற்கள் இருக்க வேண்டும் என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள். இந்தக் கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "மீனவப் பெண்களின் நலன் காக்க வேண்டும்" என்று எழுதினால் படித்துவிட்டு மூடிவிடுவார்கள். "காலை 4.30 முதல் 6.30 வரை இயக்கும் நடைகளில் மூடியிட்ட மீன் பெட்டி ஏற்றத் தனி இடம் ஒதுக்கப்பட வேண்டும்" என்று எழுதினால், ஏற்கவோ மறுக்கவோ செய்தாக வேண்டும். நேரில் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

நேரில் கேட்பது சடங்கில்லை. ஆந்திரத்தில் கிருஷ்ணா மாவட்டத்துப் பஸ் தடங்களை அரசு எடுத்துக்கொண்டபோது, குல்லபள்ளி நாகேஸ்வர ராவ் என்ற பஸ் உரிமையாளரும் மற்றவர்களும் ஆட்சேபணை கொடுத்தார்கள். விசாரித்தவர் போக்குவரத்துத் துறைச் செயலாளர். முடிவெடுத்தவர் முதலமைச்சர். ஒருவர் கேட்டு இன்னொருவர் முடிவு செய்தால் கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று உச்ச நீதிமன்றம் 1958-இல் அந்த உத்தரவையே ரத்து செய்தது. ஆகவே விசாரணைக்குப் போனால் யார் முன்னால் பேசினீர்கள், எந்தத் தேதி, எத்தனை மணி என்று குறித்து வையுங்கள். பிறகு வரும் உத்தரவில் உங்கள் ஆட்சேபணைக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால், நீதிமன்றத்தில் சொல்ல அதுவே பலமான காரணம்.

தடம் கேட்கும்போது

புதிய மினி பஸ் தடம் கேட்கிறவர்கள் கிராமசபையில் தீர்மானம் போட்டுக்கொண்டு வாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. தீர்மானத்தில் எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், அதில் பஸ் போகாதது எவ்வளவு என்று இருக்க வேண்டும். நாங்கள் ஒரு வாரம் காலையில் முச்சந்தியில் இரண்டு பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்து எந்த வண்டியில் எத்தனை பேர் போகிறார்கள் என்று நோட்டில் எழுதச் சொன்னோம். அந்த நோட்டின் நகலை மனுவோடு இணைத்தபோது அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

நிரந்தரப் பெர்மிட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் 87-ஆம் பிரிவின் தற்காலிகப் பெர்மிட் கேட்கலாம். திருவிழாவுக்கும், பருவகாலத் தொழிலுக்கும், தற்காலிகத் தேவைக்கும் நான்கு மாதத்துக்கு மிகாமல் தருவார்கள். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு வண்டிகள் விடுவதற்கு இந்தப் பிரிவு பொருந்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கும் 61 நாளும் நாட்டுப்படகு மீனுக்குக் கிராக்கி கூடுகிறதே, அந்தப் பருவத்துக்கும் ஏன் கேட்கக் கூடாது? கேட்டிருக்கிறோம். மண்டபம் பக்கத்தில் பாசி எடுக்கிற பெண்களும் தங்கள் பருவத்துக்கு இதே வழியில் கேட்கலாம்.

ஏற்கெனவே ஓடுகிற தனியார் பஸ்காரர் எதிர்க்கிறார் என்று உங்களைப் பயமுறுத்தினால், மிதிலேஷ் கார்க் வழக்கைச் சொல்லுங்கள். 1988-ஆம் வருடச் சட்டம் பெர்மிட்டைத் தாராளமாக்கியது, பழைய உரிமையாளர் புதியவருக்குப் பெர்மிட் கொடுப்பதைத் தடுக்க முடியாது என்று 1991 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஆனால் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஒதுக்கிய திட்டத் தடத்தில் இது நடக்காது, அங்கே 104-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். உங்கள் தடம் அதில் வருகிறதா என்று மனு போடுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மறுத்தால்

பெர்மிட் கேட்டவருக்கு மறுத்து உத்தரவு வந்தால் 89-ஆம் பிரிவுப்படி சென்னையிலுள்ள மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உத்தரவு கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள், கெடு அன்றிலிருந்து ஓடுகிறது. பெர்மிட் கேட்காத ஊர்க்காரர்களுக்கு அந்த வழி கிடையாது. விதியோ அறிவிப்போ செல்லாது என்று சொல்ல வேண்டுமானால் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம்தான், எங்களுக்கு 2004 முதல் மதுரைக் கிளை.

உயர் நீதிமன்றம் உங்கள் ஊருக்கு பஸ் விடு என்று பொதுவாக உத்தரவு போடாது, அது அரசின் முடிவு. அதிகாரம் இல்லாதவர் போட்ட உத்தரவு, அரசிதழில் வராத தடை, ஆட்சேபணையே கேட்காத விதி, நாடாளுமன்றச் சட்டத்தோடு மோதும் விதி ஆகியவற்றை ரத்து செய்யும். கிடப்பில் கிடக்கும் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவு சொல் என்றும் உத்தரவிடும். மனு கொடுத்த ரசீது உங்களிடம் இருந்தால்தான் அதைக் கேட்க முடியும்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நின்றுவிடாதீர்கள். 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆவது பிரிவில், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்கிறது. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. மதினியின் வழக்கு நடந்தபோது இது எனக்குத் தெரியாது, நகையை அடகு வைத்தோம்.

எங்கள் ஊர் மனுக்கள் இரண்டு இப்போது நடையில் இருக்கின்றன. ஒன்று தற்காலிகப் பெர்மிட்டுக்கு ஆட்சியரிடம், மற்றது 67(3)-இன் கீழ் திட்டம் கேட்டு சென்னைக்கு. உங்கள் ஊருக்கும் எழுத வேண்டுமானால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று வராதீர்கள், அன்று மரத்தடியில் நிற்க இடமிருக்காது. செவ்வாய் அல்லது புதன் பத்து மணிக்கு மேல் வாருங்கள். கிராமசபைத் தீர்மானத்தின் நகல், தூரம் குறித்த காகிதம், ஏற்கெனவே கொடுத்த மனுக்களின் ரசீதுகள், அபராதம் கட்டியிருந்தால் அந்த ரசீது, இவற்றை ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ரசீது நைந்து போயிருந்தாலும் பரவாயில்லை, எண் தெரிந்தால் போதும்.